தச்சர் போய்வந்த ஊர்கள்

நவம்பர் 2, திருக்காட்டுப்பள்ளிக்கு அருகே எங்கள் ஊர்

இன்று கல்லறைத் திருநாள். அப்பா மறைந்தபின் வரும் முதல் கல்லறைத் திருநாள் என்பதால், திருச்சியில் பட்டறை வைத்திருக்கும் தம்பியும் நானும் நேற்றிரவே ஊருக்கு வந்துவிட்டோம். காலைப் பூசை முடிந்ததும் சாமியார் கல்லறைத் தோட்டத்துக்கு வந்து, வரிசை வரிசையாக நடந்து, ஒவ்வொரு கல்லறையின்மீதும் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்ததால், ஏற்றிய மெழுகுத்திரிகள் அணையாதிருக்கப் பலரும் குடையைக் கல்லறைக்குப் பிடித்துவிட்டுத் தாங்கள் நனைந்தபடி நின்றார்கள். அப்பாவின் கல்லறைக்கு இன்னும் சிமெண்ட் பூசவில்லை. மண்மேடும், தம்பி செய்து நட்ட தேக்குச் சிலுவையும் மட்டுமே இருக்கின்றன. அம்மா மேட்டைச் சுற்றிச் சாமந்திப் பூவை வைத்துவிட்டு, வழக்கம்போல் உதடு மட்டும் அசையச் செபமாலை சொன்னார்.

கடந்த மே மாதம் அப்பாவைத் தூம்பாவில் வைத்துத்தான் இங்கே கொண்டுவந்தோம். பங்குக்குப் பொதுவாக ஒரு தூம்பா கோயிலில் இருக்கும். சொந்தமாகப் பெட்டி செய்துகொள்ள வசதியில்லாதவர்களை அதில் சுமந்துவந்து, குழிக்கு அருகில் உடலை மட்டும் எடுத்து அடக்கம் செய்துவிட்டுத் தூம்பாவைத் திருப்பிக் கொண்டுபோவது பழைய வழக்கம். இப்போது ஏறக்குறைய எல்லோருமே கடையில் பெட்டி வாங்கிவிடுகிறார்கள். எங்கள் கோயில் தூம்பாவைச் செல் அரித்தபோது அடிப்பலகையையும் கைப்பிடிகளையும் மாற்றிப் புதுப்பித்தவர் அப்பாதான். ஊரில் எத்தனையோ ஏழைகளுக்குக் கூலி வாங்காமல் பெட்டி செய்துகொடுத்த அவர், தமக்குப் பெட்டி வேண்டாம், தூம்பாவே போதும் என்று அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார். அதற்குப் போகும் பலகையில் பேத்திக்குப் படிப்பு மேசை ஒன்று செய்துவிடலாம் என்பது அவருடைய கணக்கு. அந்த மேசையையும் செய்து முடித்து, மெருகெண்ணெய் பூசி, தஞ்சாவூரில் என் வீட்டில் கொண்டுவந்து இறக்கிவிட்ட பிறகுதான் படுக்கையில் விழுந்தார்.

மாலையில் தம்பி பட்டறைக் கொட்டகையைத் திறந்தான். உளிகள் அகலத்தின் வரிசைப்படி தோல் வாரில் செருகியிருந்தன. கொட்டாப்புளியின் ஒரு முகம் மட்டும் குழிந்து, அப்பாவின் அடி எந்தச் சாய்வில் விழும் என்பதைக் காட்டிக்கொண்டிருந்தது. இழைப்புளி, மூலைமட்டம், ரசமட்டம், நூலுருண்டை எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. சுவரில் இயேசுவின் வளர்ப்புத் தந்தையான சூசையப்பரின் படம். அதன் கீழே சுண்ணாம்பின்மேல் பென்சிலால் எழுதிய அளவுகள், எவருடைய வீட்டு சன்னலுக்கோ.

அப்பாவிடம் ஒரு வழக்கம் இருந்தது. கதவுச் சட்டத்தின் முனையைச் செதுக்கி, மற்றச் சட்டத்தின் துளையில் இறக்குவதற்கு முன், மறைந்துபோகும் அந்த முனையில் பென்சிலால் சின்னதாகச் சிலுவை போட்டு, ‘சே.ம.சூ.’ என்று எழுதுவார். சேசு (இயேசு), மரி, சூசை என்னும் 3 பெயர்களின் முதலெழுத்துகள் அவை; பழைய கத்தோலிக்கர்கள் கடிதத்தின் தலைப்பில் எழுதுவது. எழுதிவிட்டுச் சட்டத்தை இறக்கி, மூங்கில் ஆணி அடித்துவிட்டால் அந்த எழுத்தை மறுபடி ஒருவரும் பார்க்க முடியாது. நான் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்ட நாட்களில், பள்ளிக்கூடம் விட்டு வந்து கொட்டகையில் உட்கார்ந்திருந்தால், காதில் செருகிய பென்சிலை எடுத்து என்னிடம் கொடுத்து, “நீ எழுதும்மா” என்பார். ஆகவே டெல்டாவின் சில வீட்டுக் கதவுகளுக்குள் என் கோணல் எழுத்தும் இருக்கிறது.

அம்மா இந்தப் பயணத்தைக் கேட்டது இந்தக் கொட்டகையில் வைத்துத்தான். கல்யாணமான நாளிலிருந்து விடியற்காலையில் எழுந்து தூக்குச்சட்டியில் சோறு கட்டிக் கொடுத்து அனுப்பியவர் அவர். ஆனால் அந்தச் சோறு எந்த ஊரில், எந்தத் திண்ணையில் சாப்பிடப்பட்டது என்பதை ஒருமுறைகூடப் போய்ப் பார்த்ததில்லை. “எங்கெங்கே போய் வேலை செஞ்சாருன்னு ஒருதரம் பாத்துட்டு வந்துடலாம்” என்றார். தம்பி பட்டறைக்கு விடுப்பு விட்டிருந்ததால் அவனுடைய காரிலேயே புறப்படுவது என்று முடிவானது.

நவம்பர் 3, ஏலாக்குறிச்சி

காலையில் பூண்டி மாதா கோயிலில் பூசை கண்டுவிட்டு, காவிரிக் கரையை ஒட்டிய சாலையில் திருவையாறு வந்து, விளாங்குடிக்கு அப்பால் பாலத்தில் கொள்ளிடத்தைக் கடந்து, திருமானூர் வழியாக ஏலாக்குறிச்சி போய்ச் சேர்ந்தோம். கொள்ளிடத்தில் செந்நிற வெள்ளம் மணல் திட்டுகளை மூடிக்கொண்டு ஓடியது. சாலையின் இருபுறமும் சம்பா நடவு முடிந்து பயிர் பச்சை பிடித்திருக்கிறது.

ஏலாக்குறிச்சியில் அப்பாவின் வேலை எதுவும் இல்லை. இருந்தாலும் அம்மா முதலில் இங்கே வரவேண்டும் என்றதற்குக் காரணம், அவர் ஆண்டுதோறும் வேலை நிமித்தமாக அல்லாமல் வந்துபோன ஊர் இது ஒன்றுதான் என்பது. இத்தாலியில் 1680இல் பிறந்து, இயேசு சபைக் குருவாகத் தமிழகம் வந்து, 1747இல் மறைந்த வீரமாமுனிவர் பல ஆண்டுகள் தங்கிப் பணிபுரிந்த இடம் இந்த அடைக்கல மாதா திருத்தலம். ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டு அதன்மேல் கலம்பகமும் பாடினார். அவருடைய தேம்பாவணி 3 காண்டங்களும் 36 படலங்களும் 3,615 பாடல்களும் கொண்ட காப்பியம். அதன் தலைவர் அரசரும் அல்லர், போர்வீரரும் அல்லர். நாசரேத்தூர்த் தச்சரான சூசையப்பர். அதில் வரும் யூதேயா நாடு மழை பொழிந்து, ஆறு பெருகி, வயல் விளைந்து கிடக்கும் நாடு. காவிரிக்கரையில் வாழ்ந்த ஒருவர் பார்த்து எழுதியது என்பது படித்த மாத்திரத்தில் தெரியும்.

அப்பா எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். தேம்பாவணியை அவர் முழுவதும் படித்தவரல்லர். எங்கள் ஊர் உபதேசியார் பாடிப் பொருள் சொன்ன சில பாடல்களை மட்டும் மனப்பாடமாக வைத்திருந்தார். ஒரு தச்சருக்காக இவ்வளவு பெரிய காப்பியமா என்பதில் அவருக்கு இருந்த மகிழ்ச்சி சிறு பிள்ளையின் மகிழ்ச்சி. ஆனால் அவரைக் கட்டிப்போட்டது காப்பியத்தின் சூசையப்பரைவிட நற்செய்தியின் சூசையப்பர்தான் என்று நான் நினைக்கிறேன். நான்கு நற்செய்தி நூல்களிலும் சூசையப்பர் பேசியதாக ஒரு வார்த்தைகூட இல்லை. கனவில் எச்சரிக்கை வந்ததும் இரவோடிரவாக எழுந்து, பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் போகிறார். ஏரோது இறந்ததும் திரும்பி வந்து நாசரேத்தில் குடியமர்கிறார். காணாமற்போன மகனை எருசலேமில் தேடுகிறார். எல்லாமே செயல். அப்பாவும் அப்படித்தான் இருந்தார். கோயிலில் வாசகம் படிக்கவோ, கூட்டத்தில் சாட்சி சொல்லவோ அவரை எவராலும் எழுப்ப முடிந்ததில்லை. பக்தியைப் பேச்சால் அளப்பவர்கள் அவரை மந்தமானவர் என்றுகூட நினைத்திருக்கலாம். எனக்கு அந்த அளவுகோலில் எப்போதுமே நம்பிக்கை இருந்ததில்லை.

திருச்சபை 1870இல் சூசையப்பரை உலகத் திருச்சபையின் பாதுகாவலராக அறிவித்தது. 1955இல் பன்னிரண்டாம் பயஸ் திருத்தந்தை மே 1ஆம் தேதியைத் தொழிலாளரான சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தினார். ஊரில் மற்றத் தச்சர்கள் ஆயுத பூசைக்குக் கருவிகளைக் கழுவிப் பொட்டு வைத்து அடுக்குவதைப்போல, அப்பா ஏப்ரல் கடைசி நாளில் உளிகளைத் தீட்டி, எண்ணெய் துடைத்து, பையில் போட்டு, மறுநாள் காலை பீடத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைப்பார். சாமியார் மந்திரித்துத் தந்ததும், அன்று வேலை செய்யாமல், எங்களைச் சைக்கிளில் ஏற்றிக் கல்லணைக்குக் கூட்டிப்போவார். முன் கம்பியில் தம்பி, பின்னால் நான்.

கோயிலில் அம்மா நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். வெளியே வந்தபோது மழை வலுத்துவிட்டதால் திருமானூரில் ஒரு கடையில் காத்திருந்து காபி குடித்துவிட்டுத் திரும்பினோம்.

நவம்பர் 4, திருவையாற்றுக்குக் கிழக்கே ஒரு கிராமம்

காரில் அம்மா வளைகுடாக் கதையைச் சொன்னார். 1973க்குப் பிறகு எண்ணெய் விலை ஏறி, வளைகுடா நாடுகளில் கட்டட வேலை பெருகியபோது, டெல்டாவிலிருந்தும் தச்சர்களும் கொத்தனார்களும் கம்பி கட்டுபவர்களும் பம்பாய் ஏஜெண்டுகள் மூலம் கிளம்பிப் போனார்கள். எங்கள் மாமா ஒருவர் அப்பாவுக்கும் விசா ஏற்பாடு செய்துவிட்டு, பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்துக்கொள்ளச் சொல்லி ஆள் அனுப்பினார். அப்பா மறுத்துவிட்டார். அம்மாவுக்கு அதில் நீண்டகாலம் வருத்தம் இருந்தது; போனவர்கள் எல்லோரும் மாடி வீடு கட்டினார்கள், நாங்கள் ஓட்டு வீட்டிலேயே இருந்தோம். “ஏன் போகலேன்னு நான் கேட்டதுக்கு உங்க அப்பா என்ன சொன்னார் தெரியுமா? ‘செபமாலையில புள்ளைங்க எத்தனாவது மணியில தூங்கி விழுதுன்னு எனக்குத் தெரியணும்’னார். இதுக்கு நான் என்ன பதில் சொல்றது?” என்றார் அம்மா.

எங்கள் வீட்டில் இரவு 7 மணிக்கு 53 மணிச் செபமாலை. அதற்கு அப்பா வந்துவிடுவார். எந்த ஊரில் வேலை என்றாலும், கடைசிப் பேருந்தைக் கணக்குப் பண்ணிக் கருவிப் பையைத் தூக்கிவிடுவார்; இரவு தங்கிச் செய்யவேண்டிய வேலை என்றால், எவ்வளவு கூலி என்றாலும் ஒப்புக்கொள்வதில்லை. பாயை விரித்து, விளக்கைச் சின்னதாக்கி, முதல் பத்து மணியை அவரே சொல்லுவார். இரண்டாம் பத்து முடிவதற்குள் தம்பி தூங்கிவிடுவான். அவனைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு, மரத்தூள் ஒட்டிய கையால் தட்டிக்கொண்டே மிச்சத்தைச் சொல்லி முடிப்பார். அம்மாவுக்கு மஞ்சள்காமாலை கண்டு ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில், எனக்கு இரட்டைச் சடை பின்னிவிட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பியதும் அவர்தான். வகிடு நூல் பிடித்ததுபோல் நேராக இருக்கும்.

கிராமத்தில் நாங்கள் தேடிப்போனது ஒரு விவசாயியின் வீடு. அவருக்கு இப்போது 80 வயதுக்கு மேல் இருக்கும். அம்மாவைப் பார்த்ததும் ஊன்றுகோலை எடுக்காமலே எழுந்து, “ஆசாரியார் வீட்டம்மாவா? வாங்கம்மா, உள்ள வாங்க” என்று திண்ணையைத் துடைத்துவிட்டார். வாசல் நிலையும் இரட்டைக் கதவும் அப்பாவின் கைவேலை. மஞ்சளும் குங்குமமும் ஆண்டுக்கணக்கில் ஏறி நிலைப்படியின் நிறமே மாறியிருந்தது. கதவை நான் மூடித் திறந்து பார்த்தேன். இத்தனை மழைக்காலம் கண்ட பிறகும் மரம் ஊதிப் பிடிக்காமல், சத்தமில்லாமல் வந்து பொருந்துகிறது. வெள்ளை மரத்தை முழுவதும் கழித்துவிட்டு, வைரம் பாய்ந்த தேக்கை மட்டும் எடுத்து, ஒரு கோடை முழுவதும் நிழலில் அடுக்கி உலர்த்திய பிறகே அப்பா அறுக்கத் தொடங்கியதாகவும், தாமதமாகிறதே என்று தாம் சண்டை போட்டதாகவும் பெரியவர் சொன்னார்.

நிலை வைத்த அன்றைய நிகழ்ச்சியையும் அவரிடமிருந்துதான் முதல்முறையாகக் கேட்டோம். புரோகிதர் பூசை செய்து, நிலைக்குக் கீழே நவதானியமும் காசும் போட்டு, தேங்காய் உடைத்து முடிக்கும்வரை அப்பா கைகட்டி நின்றாராம். தூக்கி நிறுத்தும் நேரம் வந்ததும் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, ரசமட்டத்தை நிலையில் வைத்தாராம். “உங்க சாமியையும் கும்பிட்டுக்கங்க ஆசாரியாரே, எல்லாஞ் சேந்து வீட்டைக் காக்கட்டும்னேன், சிரிச்சார்” என்றார் பெரியவர். வேட்டி துண்டும் தாம்பூலமும் வைத்துக் கொடுத்ததை வாங்கிக்கொண்ட அப்பா, அந்த வேட்டியைத்தான் அவ்வருடம் கிறிஸ்துமஸுக்குக் கட்டினார் என்று அம்மா நினைவுபடுத்தினார்.

கதவுக்கு முன்பே அந்த வீட்டோடு பழக்கம் வண்டிச் சக்கரத்தால் ஏற்பட்டது. டிராக்டரும் டயர் வண்டியும் பரவுவதற்கு முந்தைய காலத்தில், டெல்டாவின் தச்சருக்குக் கதவு சன்னலைவிடக் கலப்பையும் பரம்பும் மாட்டு வண்டியும்தான் முக்கியமான பிழைப்பு. மேட்டூரில் ஜூன் 12ஆம் தேதி தண்ணீர் திறப்பார்கள் என்றால், மே மாதம் முழுவதும் கொட்டகை வாசலில் கலப்பைகள் குவிந்து கிடக்கும். சக்கரம் செய்வது தச்சு வேலையில் கடினமானது. கருவேலங்கட்டையில் குடம் கடைந்து, ஆரக்கால்களைச் சம இடைவெளியில் இறக்கி, வட்டைத் துண்டுகளை அவற்றின் தலையில் கோத்து வட்டமாக்கி, கடைசியில் இரும்புப் பட்டையை எருமுட்டைத் தீயில் பழுக்கக் காய்ச்சி, சக்கரத்தின்மேல் மாட்டித் தண்ணீர் ஊற்றினால், பட்டை சுருங்கி எல்லாப் பொருத்துகளையும் ஒருசேர இறுக்கிவிடும். ஓர் ஆரக்கால் நூலளவு நீளம் என்றாலும் சக்கரம் கோணிக்கொள்ளும்.

ஒரு புரட்டாசி ஞாயிற்றுக்கிழமை, குறுவை அறுத்துக் களத்திலிருந்து நெல் ஏற்றி வந்த வண்டியின் அச்சு வாய்க்கால் மேட்டில் முறிந்துபோனது. வானம் கறுத்துவிட்டது. ஆசாரியார் ஞாயிற்றுக்கிழமை உளியைத் தொடமாட்டார் என்பது ஊரறிந்த சங்கதி. இருந்தாலும் வேறு வழியில்லாமல் பெரியவர் எங்கள் ஊருக்குச் சைக்கிள் மிதித்தார். அப்பா பூசை முடிந்து வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் கருவிகளை எடுத்துக்கொண்டு கிளம்பி, சாரல் விழத் தொடங்குவதற்குள் புது அச்சைப் பொருத்திக் கடையாணியை மாட்டிவிட்டார். ஓய்வுநாளில் இப்படிச் செய்யலாமா என்று பெரியவரே சங்கடத்தோடு கேட்டதற்கு, கிணற்றில் மாடு விழுந்துவிட்டால் ஓய்வுநாள் என்று பார்த்துக்கொண்டு நிற்பீர்களா என ஆண்டவரே கேட்டிருக்கிறார் என்றாராம். லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் இருப்பது அது. அன்றைய கூலியை அவர் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் அது வேலையாகியிருக்கும் என்பது அவருடைய நியாயம் என்று நான் ஊகிக்கிறேன்.

புறப்படும்போது பெரியவரின் மருமகள் ஒரு பை நிறைய அரிசியும் ஒரு சீப்பு வாழைப்பழமும் கொடுத்தார். கதவுக்குள்ளே இருக்கும் எழுத்தைப் பற்றி அம்மா அவர்களிடம் ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

நவம்பர் 5, நாகப்பட்டினம், வேளாங்கண்ணி

தஞ்சாவூர், திருவாரூர் வழியாக நாகப்பட்டினம். ஆகஸ்ட் 29ஆம் தேதி கொடியேறி, செப்டம்பர் 8ஆம் தேதி மாதா பிறந்தநாளோடு முடியும் வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு இந்தச் சாலை முழுவதும் காவியுடுத்தி நடந்துபோகும் கூட்டத்தால் நிறைந்திருக்கும். இப்போது வெறிச்சோடிக் கிடக்கிறது. 1962இல் பேராலயமாக உயர்த்தப்பட்ட கோயிலில் அம்மா மெழுகுத்திரி ஏற்றினார். ஆனால் நாங்கள் வந்தது கோயிலுக்காக மட்டுமன்று.

இரவு தங்கும் வேலையை ஒப்புக்கொள்ளாத அப்பா, வீட்டைவிட்டு வாரக்கணக்கில் தங்கியது இந்தக் கடற்கரையில்தான். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. அன்றைய ஆழிப்பேரலையில் தமிழகத்தில் இறந்த ஏறக்குறைய 8,000 பேரில் 6,000க்கும் மேற்பட்டவர்கள் நாகப்பட்டினம் மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். வேளாங்கண்ணியிலேயே, விடுமுறைக்கு வந்த யாத்திரிகர்கள் பெருந்தொகையாக மாண்டார்கள். எங்கள் பங்கிலிருந்து அரிசியும் பாயும் துணியும் ஏற்றி வந்த லாரியில் அப்பாவும் ஏறி வந்தார். இறக்கிவிட்டு அன்றே திரும்புவதாகத்தான் ஏற்பாடு. வீடிழந்த மீனவக் குடும்பங்களுக்குத் தார் ஷீட்டால் வரிசையாகத் தற்காலிகக் குடில்கள் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவற்றில் பலவற்றின் வாசலில் கதவுக்குப் பதிலாகச் சாக்குதான் தொங்கியது. ஊருக்கு வந்த அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் கருவிப் பையைக் கட்டினார். “வயசுப் பொண்ணுங்க இருக்கற வீட்டுக்குச் சாக்கைத் தொங்கவிட்டிருக்காங்க. கதவு வேணும்” என்று மட்டும் அம்மாவிடம் சொன்னார்.

நாகப்பட்டினத்துக்குத் தெற்கே இருந்த அந்தக் குடியிருப்பு இப்போது இல்லை. அங்கிருந்தவர்கள் நிரந்தர வீடுகளுக்குப் போய்விட்டார்கள். அதில் ஒரு குடும்பத்தை அப்பா அடிக்கடி குறிப்பிட்டதால், தம்பி விசாரித்து விசாரித்து அவர்களுடைய புது வீட்டைக் கண்டுபிடித்தான். மீன் உலர்த்திக்கொண்டிருந்த அந்த அம்மாவுக்கு அப்பாவின் பெயர் தெரியவில்லை. “பூண்டி மாதா கோயில் பக்கத்துலேந்து வந்த பெரியவர்” என்று தம்பி சொன்னதும், “கதவு தாத்தாவா?” என்று கேட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அவர் சொன்னதிலிருந்து நான் அறிந்தது இது. கிடைத்த பலகைகள் பெரும்பாலும் பொருள்கள் வந்திறங்கிய பெட்டிகளின் பலகைகள்; அப்பா அவற்றைப் பிரித்து, ஆணிகளை நிமிர்த்தி, இரண்டு குறுக்குச் சட்டம் அடித்துக் கதவாக்கினார். கீலுக்குப் பழைய டயரின் ரப்பர் வார். எல்லாக் கதவுக்கும் உள்பக்கம் மரத்தாலேயே தாழ்ப்பாள். பெண் பிள்ளைகள் இருக்கும் குடில்களைக் கேட்டறிந்து முதலில் அவற்றுக்கு மாட்டினார்; பிறகு தனியாக இருக்கும் கிழவிகளுக்கு; அதன் பிறகு மற்றவர்களுக்கு. கூலி கொடுக்க வந்த தொண்டு நிறுவனத்தாரிடம் ஆணியும் கீலும் வாங்கித் தரச் சொன்னார். அலையில் தகப்பனை இழந்த பையன்கள் சிலரைப் பக்கத்தில் உட்காரவைத்து ரம்பம் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். அவர்களில் ஒருவர் இந்த அம்மாவின் தம்பி. இப்போது காரைக்காலில் தச்சு வேலைதான் செய்கிறாராம்.

“சாயங்காலம் 7 மணி ஆனா கடலப் பாத்து உக்காந்துடுவாரு. கையில மணி ஓடும். நாங்க வேற சாமி கும்பிடறவங்க. ஆனா புள்ளைங்க எல்லாம் அவரச் சுத்தி உக்காந்துக்கும். சில நாளு ஒண்ணு ரெண்டு அவரு மடியிலயே தூங்கிடும்” என்றார். அம்மா இதைக் கேட்டதும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அதே நேரத்தில் ஊரில் அம்மாவும் தம்பியும் செபமாலை சொல்லிக்கொண்டிருப்பார்கள். எந்த ஊரில் இருந்தாலும் அந்த நேரம் தவறக்கூடாது என்று கிளம்பும்போது பேசிவைத்துக்கொண்டார்களாம். அந்த 2005 தவக்காலம் முழுவதும் அப்பா இங்கேதான் இருந்தார். பெரிய வியாழனுக்குத்தான் ஊர் திரும்பினார்.

புது வீடுகளுக்குக் குடிபோனபோது பழைய குடில்களின் பொருள்களை எல்லாரும் விட்டுவிட்டுப் போனார்களாம். இந்த அம்மா மட்டும் கதவைக் கழற்றிக்கொண்டு வந்திருக்கிறார். கொல்லைப்புறத்தில் ஆட்டுக் கொட்டிலுக்கு மாட்டியிருந்த அதைக் காட்டினார். ரப்பர் வார் போய் இரும்புக் கீல் வந்துவிட்டது. தாழ்ப்பாள் அப்பா செய்ததுதான். பூவரசங்கட்டையில் செதுக்கி, விரல் படும் இடத்தைச் சிராய் குத்தாதபடி மழுக்கியிருந்தார். பெட்டிப் பலகையில் பொருத்துத் துளை கிடையாது என்பதால் ‘சே.ம.சூ.’ எழுத இடமில்லை. எழுதாமல் விட்டாரா, வேறெங்காவது எழுதினாரா என்று தம்பி கதவின் நாலு பக்கமும் குனிந்து பார்த்தான். இல்லை.

நவம்பர் 6, தரங்கம்பாடி, திரும்பும் வழி

நாகூர், காரைக்கால் தாண்டித் தரங்கம்பாடியில் சிறிது நேரமே இருந்தோம். 1706இல் புராட்டஸ்டண்ட் பிரிவான லுத்தரன் சபையின் போதகர் சீகன்பால்கு வந்திறங்கி, 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு வெளியிட்ட ஊர். கத்தோலிக்கரான அப்பா இந்த லுத்தரன் ஊரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் மரியாதையோடு பேசுவார். சிறுவனாகப் பூசைக்கு உதவி செய்தபோது லத்தீன் மறுமொழிகளைப் பொருள் தெரியாமலே மனப்பாடம் செய்தவர் அவர். 1960களின் நடுவில், வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு பூசை தமிழுக்கு மாறியபோது தாம் அழுதுவிட்டதாக ஒருமுறை சொல்லியிருக்கிறார். வேதபுத்தகத்தைத் தமிழில் கையில் வைத்திருப்பதன் அருமை அவருக்குத் தெரிந்திருந்தது. நான் பத்தாம் வகுப்புத் தேறிய விடுமுறையில் எங்களை இங்கே கூட்டிவந்து, புதிய எருசலேம் ஆலயத்தில் சீகன்பால்குவின் கல்லறைக்கு முன்னால் செருப்பைக் கழற்றச் சொன்னார். இன்றும் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனோம்.

மயிலாடுதுறையை நெருங்கும்போது ஊரிலிருந்து நாட்டாமை தம்பியைக் கைபேசியில் அழைத்தார். வருகிற மார்ச் 19, சூசையப்பர் திருநாளுக்குப் புதுச் சப்பரம் வேண்டும். பழையதன் அடிச்சட்டம் விட்டுப்போய்விட்டது. வெளியாளிடம் கொடுக்க மனமில்லை. தம்பி திருச்சியில் செய்வதெல்லாம் பிளைவுட் அலமாரியும் சமையலறை வேலையும்தான். சற்று யோசித்துவிட்டு, செய்வதாகச் சொன்னான். பிறகு அம்மாவிடம், பழைய சப்பரத்துக்கு அப்பா என்ன மரம் போட்டார் என்று கேட்டான்.

“அடிச்சட்டத்துக்குப் பூவரசு போட்டார். அப்பவே எனக்கு மனசில்ல. காசு இல்லேன்னு போட்டார். நீ தேக்கே போடு. கனத்தையும் பாத்துக்க, தோள்ல தூக்கிட்டுப் போறவங்களுக்கு வயசாயிடுச்சு” என்றார் அம்மா.

“கூலி என்ன சொல்லட்டும்மா?”

“உன் ஆளுங்களுக்கு வாங்கு. உனக்கு வாங்காத. அவரு அப்படித்தான் செய்வாரு.”

கும்பகோணத்துக்குள் நுழையும்போது மழை விட்டிருந்தது. மரவாடி ஒன்று திறந்திருப்பதைப் பார்த்துத் தம்பி காரை ஓரங்கட்டினான். தேக்குக் கன அடி விலையைக் கேட்க அம்மாவும் அவனோடு இறங்கினார்.